கார் கேள்வி-பதில்: பூட்டி வைத்த புத்தகம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேரள எல்லையோரத்திலிருந்து வந்தவை. மலைக்கு இந்தப் பக்கம் குடியிருப்பும் அந்தப் பக்கம் ஷோரூமுமாகக் கார் வைத்திருப்பவர்களின் கோபம் எல்லாக் கடிதங்களிலும் ஒரே மாதிரி இருந்ததால், அவற்றில் ஐந்தை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: 2014-இல் வாங்கிய சிறிய டீசல் கார் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு சின்னச் சின்ன வேலைகளை நானே செய்து பழகி வருகிறேன். காரைப் பிரித்துப் பழுது பார்க்கும் முறையைச் சொல்லும் சர்வீஸ் மேனுவல் வேண்டும் என்று தென்காசியிலும் புனலூரிலும் கேட்டுப் பார்த்தேன். ‘வெளியாருக்குக் கொடுப்பதில்லை’ என்று இரண்டு இடங்களிலும் சொல்லிவிட்டார்கள். இணையத்தில் ஒருவர் 4,800 ரூபாய் கேட்கிறார். ஒரு புத்தகத்துக்கு இந்த விலை நியாயமா? வாங்கலாமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், புளியரை

பதில்: வாங்க வேண்டாம் ஐயா. விலையைவிட எனக்கு உறுத்துவது, அவர் எந்தக் காரின் புத்தகத்தை விற்கிறார் என்பது பணம் கொடுத்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும் என்பதே. இப்படி விற்கப்படுபவற்றில் பெரும்பகுதி யாரோ ஸ்கேன் செய்த வெளிநாட்டுப் பதிப்பின் நகல். காரின் பெயர் ஒன்றாக இருக்கும்; ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும்; வயரிங் படத்தில் உள்ள நிறங்கள் உங்கள் பானெட்டைத் திறந்தால் தெரியும் நிறங்களோடு ஒத்துப்போகாது. பதிப்புரிமை பெறாத நகல் என்பதால், ஏமாந்தாலும் யாரிடமும் முறையிட முடியாது.

உங்கள் காரின் காலத்தையும் வகையையும் பார்த்தால், ஃபியட் நிறுவனம் வடிவமைத்த 1,248 சிசி டீசல் இன்ஜினாக இருக்கக்கூடும். நம் நாட்டில் மாருதி, டாடா, ஃபியட் ஆகிய மூவரும் இதை வெவ்வேறு பெயரில் விற்றார்கள். இந்தியாவின் தேசிய இன்ஜின் என்று வேடிக்கையாகச் சொல்லும் அளவுக்கு அது பரவியிருந்தது. ஆகவே அந்த இன்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்குகள் செங்கோட்டை வட்டாரத்திலேயே உண்டு. ஆனால் இன்ஜின் ஒன்றுதான் என்பதற்காக ஒரு நிறுவனத்தின் புத்தகத்தை வைத்து இன்னொரு நிறுவனத்தின் காரில் கை வைக்கக்கூடாது. இன்ஜினைச் சுற்றியுள்ள பாகங்களும், வயரிங்கும், ஃபியூஸ் பெட்டியும் காருக்குக் கார் மாறும்.

விலைக்கு வருகிறேன். சர்வீஸ் மேனுவல் இன்று பெரும்பாலும் அச்சுப் புத்தகமாகவே இருப்பதில்லை. நிறுவனத்தின் கணினியில், டீலரின் கடவுச்சொல்லுக்குப் பின்னால், மாடலுக்கு மாடலும் ஆண்டுக்கு ஆண்டும் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும் ஆயிரக்கணக்கான பக்கங்கள் அவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம், அந்தப் பக்கங்களை வெளிப் பட்டறைகளுக்கும் திறந்துவிட வேண்டும் என்றும், நாள், மாதம், ஆண்டு என்ற கணக்கில் நியாயமான கட்டணம் வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-இல் மக்கள் வாக்கெடுப்பே நடத்தி, ஏறத்தாழ 86 சதவீத ஆதரவோடு இதே உரிமையைப் பெற்றார்கள். பிரிட்டனில் ஜான் ஹேன்ஸ் என்பவர் 1966-லேயே ஒரு காரைக் கடைசி ஆணி வரை கழற்றி, திரும்பப் பூட்டி, ஒவ்வொரு படியையும் படத்தோடு அச்சிட்டு விற்கத் தொடங்கினார். அந்த வழியில் வந்த புத்தகங்களை அங்கே வீட்டுக்காரர்களே வாங்கினார்கள். நம் ஊரில் அப்படி ஒரு பதிப்பாளர் வேரூன்றவில்லை. போட்டிக்கு ஆள் இல்லாத சரக்குக்கு வைத்ததுதான் விலை.

இதை வெறும் புலம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் கொடுத்த புகாரின் மீது, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் உதிரி பாகங்களையும், பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தது போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்பது அதன் முடிவு. அவற்றை வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்ய வேண்டும், பாகங்களின் விலை விவரத்தை நிறுவனத்தின் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்றெல்லாம் அது உத்தரவிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் போயின. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், தன் முன் வந்த மூன்று நிறுவனங்களின் விஷயத்தில், குற்றத்தை உறுதி செய்து அபராதத் தொகையை மட்டும் குறைத்தது. வழக்கு இப்படி இழுத்துக்கொண்டே போனதால், அந்த உத்தரவை எடுத்துக்காட்டி டீலரின் கவுண்டரில் நின்று புத்தகம் கேட்டால், அங்கே இருக்கும் பையனுக்கு நீங்கள் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதே புரியாது.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று ‘பழுது நீக்கும் உரிமை’க்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது, கைபேசி, வீட்டுச் சாதனங்கள், வேளாண் கருவிகள் ஆகியவற்றோடு வாகனங்களும் அதன் வரம்பில் உண்டு. உங்கள் நிறுவனம் அதில் என்ன கொடுத்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அடுத்து, நிறுவனத்தின் தலைமை வாடிக்கையாளர் பிரிவுக்கு, மாடல், ஆண்டு, சேஸிஸ் எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, மேனுவலை விலைக்குக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். டீலர் வாயால் சொன்ன ‘இல்லை’ காற்றோடு போய்விடும். நிறுவனம் எழுதிக் கொடுத்த ‘இல்லை’ பின்னால் உதவும்.

அதற்கிடையில், உங்கள் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் கிடக்கும் உரிமையாளர் கையேட்டைக் கடைசிப் பக்கங்களிலிருந்து படியுங்கள். நீங்கள் செய்ய நினைக்கும் வேலைகளில் முக்கால்வாசிக்கு வேண்டிய எண்கள் அதிலேயே இருக்கும்: ஆயில் எத்தனை லிட்டர், எந்த கிரேடு, டயர் காற்று எவ்வளவு, எந்த ஃபியூஸ் எதற்கு, வீல் நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும். எதை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற எண்ணை அலட்சியம் செய்து நானே பட்டிருக்கிறேன். என் பெட்ரோல் காரில் ஆயில் மாற்றியவர், ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டை நீளக் கைப்பிடி போட்டு, உடம்பின் எடை முழுவதையும் கொடுத்து இறுக்கினார். அடுத்த முறை அதைக் கழற்றியபோது, போல்ட்டோடு சேர்ந்து ஆயில் தேங்கும் அலுமினிய சம்ப்பின் மரையும் ஒரு சின்ன ஸ்பிரிங் சுருளைப் போல அப்படியே வெளியே வந்தது. கையேட்டில் 35 நியூட்டன் மீட்டர் என்று இருந்தது. ஒரு முழம் கம்பியின் முனையை எட்டுக் கிலோ விசையில் அழுத்தினால் போதும் என்று அதற்கு அர்த்தம். அந்த மரையைச் சரி செய்யக் கொடுத்த பணத்தில் இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கியிருக்கலாம். பிறகு வாங்கினேன். நீங்கள் அந்த 4,800 ரூபாயில் முதலில் வாங்க வேண்டியதும் அதைத்தான்.

கேள்வி: பாலக்காட்டில் சென்ற ஆண்டு வாங்கிய கார். எங்கள் ஊர்ப் பட்டறையில் ஆயில் மாற்றினால் வாரண்டி முழுவதும் போய்விடும் என்று சர்வீஸ் அட்வைசர் பயமுறுத்துகிறார். ஒவ்வொரு முறையும் அவ்வளவு தூரம் போய், ஒரு நாள் கூலியை விட்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது.
— கோபாலபுரம், பொள்ளாச்சி வட்டம்

பதில்: ‘முழுவதும்’ என்ற சொல்லை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று கேளுங்கள். வாரண்டி புத்தகத்தில் அந்த வரி எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மேலே சொன்ன 2014 உத்தரவு இதையும் தொட்டது: வெளிப் பட்டறையில் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவாதம் முழுவதையும் ரத்து செய்யக்கூடாது, வெளி வேலையின் தவறால் உண்டான சேதத்துக்கு மட்டும் நிறுவனம் பொறுப்பைத் தட்டிக் கழிக்கலாம் என்பது அதன் சாரம். வழக்குகள் நீண்ட கதையைச் சொல்லிவிட்டேன்; ஆகவே இந்த வாதத்தை மட்டும் நம்பிப் புதுக் காரை வெளியே விட வேண்டும் என்று சொல்ல மாட்டேன்.

என் யோசனை இதுதான். வாரண்டி காலத்தில் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் சர்வீஸ்களை மட்டும், அச்சிட்ட கிலோமீட்டரிலோ மாதத்திலோ, எது முன்னால் வருகிறதோ அதில், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் செய்துகொள்ளுங்கள். அது பாலக்காடாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பொள்ளாச்சியிலோ கோவையிலோ அதே நிறுவனத்தின் எந்த மையத்துக்குப் போனாலும் செல்லும், கார் வாங்கிய மாநிலம் ஒரு தடையே அல்ல. டயர் மாற்றுவது, வைப்பர், பல்பு போன்றவற்றை உங்கள் ஊரிலேயே செய்யலாம். அப்படிச் செய்யும் ஒவ்வொன்றுக்கும் தேதி, கிலோமீட்டர், பாகத்தின் எண் ஆகியவை உள்ள ரசீதை வாங்கி வையுங்கள். ‘நம்ம ஆள்தானே’ என்று துண்டுச் சீட்டுகூட இல்லாமல் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பழக்கம்தான், தகராறு வரும்போது டீலருக்குக் கிடைக்கும் பெரிய ஆயுதம்.

கேள்வி: திருவனந்தபுரத்தில் சாதாரண சர்வீஸுக்கு விட்டேன். 6,000 ரூபாய் ஆகும் என்று சொன்னவர்கள், மாலையில் 14,300 ரூபாய்க்கு பில் கொடுத்தார்கள். இன்ஜின் டிரீட்மென்ட், ஏசி கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், அண்டர்பாடி கோட்டிங் எல்லாம் செய்தார்களாம். கேட்டால், காலையில் நான் கையெழுத்துப் போட்டதாகச் சொல்கிறார்கள். வழக்குப் போட வேண்டுமானால் திருவனந்தபுரத்துக்குத்தான் அலைய வேண்டுமா?
— களியக்காவிளை

பதில்: அலைய வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய சட்டத்தில், எதிராளி எங்கே தொழில் நடத்துகிறாரோ, பிரச்சினை எங்கே எழுந்ததோ அந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. புதிய சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்திலும் மனு கொடுக்க வழி விட்டிருக்கிறது. எல்லையோரத்துக்காரர்களுக்கு இதைவிடப் பயனுள்ள திருத்தம் வேறு இல்லை. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையத்திலேயே நீங்கள் மனு கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது; வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை; இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும்.

ஆனால் மனுவுக்கு முன்னால் அந்தக் கையெழுத்தைப் பாருங்கள். செய்ய வேண்டிய வேலைகளை எழுதிக் கையெழுத்து வாங்கும் ஜாப் கார்டின் நகல் உங்களிடம் இல்லையென்றால் இன்றே மின்னஞ்சலில் கேளுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டபோது இந்த நான்கு வேலைகளும் அதில் எழுதப்பட்டிருந்தனவா, அல்லது வெற்றுக் கட்டங்களுக்குக் கீழே கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு நிரப்பினார்களா என்பதுதான் வழக்கின் உயிர்நிலை. இப்போதெல்லாம் காகிதத்தைக் காட்டாமல், ஒரு டேப்லெட்டை நீட்டி ‘இங்க ஒரு சைன்’ என்று விரலால் கிறுக்கச் சொல்கிறார்கள். கண்ணாடி போடாத வயதானவர்கள் எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்றே தெரியாமல் வெளியே வருகிறார்கள். நீங்களும் அப்படித்தான் போட்டீர்கள் என்றால், காலையில் சொன்ன 6,000 ரூபாய் மதிப்பீடு குறுஞ்செய்தியாகவோ வாட்ஸ்அப்பிலோ வந்திருக்கிறதா என்று தேடுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல டீலர்கள் அந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பித் தர இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த நான்கு வேலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. உரிமையாளர் கையேட்டின் பராமரிப்பு அட்டவணையைப் பிரித்து வைத்துக்கொண்டு பில்லோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில், கூலன்ட் ஆகியவற்றை அட்டவணையில் காண்பீர்கள். ‘இன்ஜின் டிரீட்மென்ட்’ என்ற வரியைக் காண்பது அரிது. கடல் காற்று வீசும் ஊரில் அண்டர்பாடி கோட்டிங்குக்கு ஒரு நியாயம் உண்டு. அதையும் உங்களைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். பில்லில் வரி விகிதத்தையும் பாருங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்கள் அனைத்துக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். அதற்குப் பிந்தைய பில்லில் எந்தப் பாகத்துக்காவது 28 சதவீதம் போட்டிருந்தால், அது தனியே ஒரு புகாராகும்.

கேள்வி: டாக்ஸி ஓட்டுகிறேன். இன்ஜின் விளக்கு எரிகிறது. கம்ப்யூட்டர் போட்டுப் பார்க்கவே ஒவ்வொரு முறையும் தனியாகப் பணம் வாங்குகிறார்கள். நானே ஒரு ஸ்கேனர் வாங்கிவிடலாமா?
— வண்டிப்பெரியாறு

பதில்: வாங்குங்கள் தம்பி, உங்கள் தொழிலுக்கு அது ஸ்டெப்னி டயரைப் போன்றது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதில் செருகி, ப்ளூடூத் வழியாகக் கைபேசியில் படிக்கும் சிறு கருவிகள் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கின்றன. அதில் தெரியும் குறியீடு ‘பி0’ என்று தொடங்கினால் எல்லா நிறுவனத்துக்கும் பொதுவானது; அதன் பொருளை யார் வேண்டுமானாலும் தெரிந்துகொள்ளலாம். ‘பி1’ என்று தொடங்கினால் நிறுவனத்தின் சொந்தக் குறியீடு. அங்கேதான் மீண்டும் பூட்டிய புத்தகத்தின் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும். ஏபிஎஸ், ஏர்பேக் கோளாறுகளை இந்த மலிவுக் கருவிகள் பெரும்பாலும் காட்டாது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். குறியீடு என்பது நோயின் அறிகுறியே தவிர, மாற்ற வேண்டிய பாகத்தின் பெயர் அல்ல. ‘பி0420’ வந்தால், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் போதுமான அளவு வேலை செய்யவில்லை என்று பொருள். ஆனால் சைலன்சர் குழாயில் ஒரு சிறு கசிவு இருந்தாலும், ஆக்ஸிஜன் சென்சார் கெட்டாலும் அதே குறியீடு வரலாம். உடனே கன்வர்ட்டரை மாற்றச் சொல்லும் சர்வீஸ் சென்டரில், ‘கசிவு பார்த்தீர்களா, எப்படிப் பார்த்தீர்கள்?’ என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வண்டியில் இரண்டு முறை சென்சார் மாற்றி, இரண்டு முறையும் விளக்கு திரும்ப எரிந்தது. கடைசியில் ஒரு சின்னப் பட்டறைக்காரர் டார்ச் அடித்துப் பார்த்தபோது, சென்சாருக்குப் போகும் வயரை எலி கடித்து, இரண்டு செம்பு இழை மட்டும் தொட்டும் தொடாமலும் நின்றது தெரிந்தது. சாரல் காலத்தில் எலிக்குச் சூடான இன்ஜினைவிட நல்ல இடம் மலையில் எங்கே இருக்கிறது? விளக்கு விட்டு விட்டு மின்னினால் மட்டும் ஸ்கேனரை எடுக்கும் வரை காத்திருக்காமல் வண்டியை ஓரம் கட்டுங்கள். இன்ஜினில் எரிபொருள் சரியாக எரியாமல் மிஸ்ஃபயர் ஆகிக் கன்வர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம் அது.

கேள்வி: கையேட்டில் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றச் சொல்லியிருக்கிறது. சர்வீஸ் சென்டரில் 5,000-க்கே வரச் சொல்கிறார்கள். கொள்ளையா?
— லோயர் கேம்ப், தேனி மாவட்டம்

பதில்: உங்கள் ஊரைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கையேட்டின் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ‘கடுமையான பயன்பாடு’ என்று ஒரு பகுதி இருக்கும்: தூசி, மலைச் சாலை, அடிக்கடி சிறு தூர ஓட்டம், பாரம் இழுத்தல். லோயர் கேம்பிலிருந்து குமுளிக்குத் தினமும் ஏறி இறங்குபவருக்கு அந்தப் பகுதிதான் பொருந்தும். அதில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். வாரத்துக்கு ஒரு முறை கம்பம் சந்தைக்கு மட்டும் போய்வருபவர் என்றால் 10,000-ம் ஓராண்டும் தாராளம்.

ஆயிலைப் பற்றிக் கேட்ட நீங்கள் பிரேக் ஆயிலைப் பற்றிக் கேட்கவில்லை. மலைப்பாதைக்காரர்கள் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 என்ற தர வகை பிரேக் ஆயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. குமுளியிலிருந்து பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் டிஸ்க்கின் சூட்டில் பிரேக் ஆயில் அந்த அளவைத் தொட்டு, குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகி, மிதி தரை வரை போகும். பெரும்பாலான கையேடுகளில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்லியிருக்கும். அடுத்த முறை ஜாப் கார்டில் அதை உங்கள் கையாலேயே எழுதிவிட்டு, மூடி திறக்காத புது டப்பாவை உங்கள் கண் முன்னால் உடைத்து ஊற்றச் சொல்லுங்கள்.